அம்மா சைக்கிள், மகன் சைக்கிள், ஓர் ஆரஞ்சு டப்பா

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். பன்னிரண்டு வருடமாக ஹெப்பகோடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு ஜெயநகரில் ஒரு துணிக்கடையில் வேலை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தால் இருபது நிமிடம் ஆகிறது. அதனால் ஊரில் அம்மா வீட்டுத் திண்ணையில் சும்மா கிடந்த என் பழைய சைக்கிளைக் கொண்டுவந்துவிட்டேன். 2007இல் பிளஸ் ஒன் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. கம்பி பிரேக். ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் ரிம் இரண்டும் துரு. பஞ்சர் கடைக்காரர் ‘புது ரிம் போட்டுடுங்க’ என்கிறார். என் வீட்டுக்காரரோ ‘பரணில் எனாமல் டின் இருக்கு, அடிச்சிடலாம்’ என்கிறார். இதைப் பார்த்துவிட்டு என் பையனும் (வயது 11) தன் 24 இன்ச் சைக்கிளின் அலாய் ரிம்மை ஆரஞ்சு ஆக்க வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்க வைத்துவிட்டான். அதில் இரண்டு பக்கமும் வந்து கவ்வுகிற பிரேக். போக்ஸ் கம்பியைக் கழற்றாமல் வீட்டிலேயே அடிக்க முடியுமா? மொட்டை மாடிதான் இடம். எத்தனை நாளில் ஓட்டலாம்?
– வாசகி, ஹெப்பகோடி

பதில்: அம்மா, டப்பாவைக் குலுக்குவதற்கு முன்னால் இரண்டு சைக்கிளையும் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் இருக்கட்டும். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையால் பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். பிரேக் கட்டை ரிம்மின் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று குனிந்து பாருங்கள். அந்த இடத்தைச் சாக்பீஸால் தேய்த்து அடையாளம் வையுங்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்தச் சாக்பீஸே பதில் சொல்லிவிடும்.

உங்கள் சைக்கிளில் கம்பி மேலே இழுக்கிறது, கட்டை ரிம்மின் வயிற்றைத் தொடுகிறது. அதாவது, நடு அச்சைப் பார்த்திருக்கிற உட்பக்கம். போக்ஸ் கம்பியை ரிம்மில் பிடித்திருக்கிற நிப்பிள் வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டை, அந்தப் பக்கம் ஒரு பட்டை. மகன் சைக்கிளில் கட்டைகள் வயிற்றுப் பக்கமே போவதில்லை. இரண்டு கன்னத்தையும் பக்கவாட்டில் கிள்ளுகின்றன. ஆக, உங்கள் சைக்கிளில் பெயிண்டு படக்கூடாத இடம்தான் மகன் சைக்கிளில் பெயிண்டு அடிக்கவேண்டிய இடம். உங்களுடையதில் கன்னத்துக்கு அடிக்கலாம், வயிற்றுக்குக் கூடாது. அவனுடையதில் வயிற்றுக்கு அடிக்கலாம், கன்னத்துக்குக் கூடாது. டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் இந்தக் கட்டுப்பாடே கிடையாது. அங்கே பிரேக் பிடிப்பது நடுவில் இருக்கிற தட்டை, ரிம் வெறும் வளையம்தான்.

கட்டை படும் இடத்தில் அடித்தால் என்ன ஆகும்? எனக்குப் பதினாறு வயதில் இது தெரிந்துபோயிற்று. வாடகை சைக்கிள் கடையில் எடுபிடியாக இருந்தேன். பொங்கலுக்கு முன்னால் முதலாளி இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். திரும்பி வரும்போது அசத்திவிடலாம் என்று எட்டு சைக்கிள் ரிம்மையும் சுற்றிச் சுற்றி சில்வர் பெயிண்டால் பூசி வைத்தேன். கடை முழுக்கப் பளபள. மாட்டுப்பொங்கலன்று முதலில் வாடகைக்கு எடுத்தவர் ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நிற்கவில்லை. வைக்கோல் போர் ஒன்று குறுக்கே இருந்ததால் அவருக்குத் தும்மலோடு போயிற்று. அன்று சாயங்காலம் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் மேல் சில்வர் அப்பி, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பிரேக் பிடிக்கும்போது உரசலில் சூடு வருகிறது, பெயிண்டு இளகுகிறது, ரப்பரில் ஒட்டுகிறது. பிறகு ரிம்மில் திட்டுத் திட்டாக உரிகிறது. உரிந்த இடத்தில் ஒரு பிடி, உரியாத இடத்தில் வேறு பிடி. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெட்டு வெட்டும், கீச்சிடவும் செய்யும். எட்டு சைக்கிளையும் முதலாளி என்னையே தேய்க்க வைத்தார். நான்கு நாள் ஆயிற்று.

சரி, முதலில் உங்கள் சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06இல் பிளஸ் ஒன் படிக்கிற மற்றவர்களுக்கும் விரிந்த தமிழ்நாடு அரசின் இலவச சைக்கிள் திட்டத்தில் வந்தது அது. அதன் ரிம் இரும்பு, மேலே குரோம் முலாம். இந்த முலாமைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். குரோம் துருப்பிடிப்பதில்லை. கீழே நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. மேலே இருக்கிற குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. தலைமுடி சுமார் எழுபது மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் கீறல்களும் இருக்கும். அவற்றின் வழியே தண்ணீர் இறங்கி இரும்பைத் தின்கிறது, துரு அதே ஓட்டை வழியே மேலே வந்து புள்ளி புள்ளியாய் உட்காருகிறது. ஆகவே நீங்கள் பார்க்கிற துரு எல்லாம் முலாம் போனதால் வந்தது என்று நினைக்கவேண்டாம். பல இடங்களில் குரோம் அப்படியே அடியில் இருக்கும்.

அதனால் பரணில் இருக்கும் டின்னை இப்போதைக்கு இறக்கவேண்டாம். சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாள் இருக்கும். அதைக் கசக்கி உருட்டி, தண்ணீரில் நனைத்து, துருவின் மேல் தேயுங்கள். சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வரும், துடைத்துவிட்டு மறுபடி தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் முலாமைக் கீறாது. தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் வினிகர் விட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். வினிகர் இல்லாவிட்டால் குத்துவிளக்கு தேய்க்கிற புளி போதும், அதுவும் புளிப்புதானே. முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். புளிப்பு தங்கிவிட்டால் அதுவே அடுத்த துருவுக்கு வித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்குச் சரியாக இருக்கும். முடிவைப் பார்த்துவிட்டு, பெயிண்டே வேண்டாம் என்று நீங்கள் சொல்லக்கூடும்.

புது ரிம் போடச் சொன்ன கடைக்காரரைத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காற்றை இறக்கி, டயரையும் ட்யூபையும் எடுத்து, உள்ளே ஓடுகிற ரிம் டேப்பைக் கழற்றுங்கள். வெளியே பார்த்தால் ஒரு துரு, அடியில் பார்த்தால் வேறு கதை. நிப்பிள் ஓட்டைகள் வழியாகவும் வால்வு ஓட்டை வழியாகவும் இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் டேப்புக்கு அடியில் ஊறிக்கிடந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். துரு பொடியாக உதிர்ந்து அடியில் இரும்பு கெட்டியாக இருந்தால் பயமில்லை. செதில் செதிலாகப் பெயர்ந்தாலும், நிப்பிளைச் சுற்றி விரிசல் தெரிந்தாலும், டயரைப் பிடித்திருக்கிற விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருந்தாலும் கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள். அந்த ரிம்முக்கு எந்தப் பெயிண்டும் உயிர் கொடுக்காது. புது ரிம் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள், கம்பி எண்ணிக்கை மாறிவிடக்கூடாது. பிரிட்டிஷ் வழக்கத்தில் வந்த பழைய பெரிய சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 என்று இருக்கும். பாரம் பின்னால்தானே.

ரிம் கெட்டியாக இருக்கிறது, ஆனால் கன்னத்தில் முலாம் உரிந்து இரும்பு தெரிகிறது என்றால் அங்கே பெயிண்டு நல்லதுதான். இதற்கு ஸ்ப்ரே வேண்டாம், பிரஷ் போதும். உரிந்து தொங்கும் முலாமின் ஓரத்தை 120 நம்பர் உப்புத்தாளால் மட்டம் செய்யுங்கள். நகத்தை ஓட்டினால் படிக்கட்டு தட்டக்கூடாது. பிறகு 320ஆல் முழுக்கத் தேய்த்து, பளபளப்பு செத்து மங்கலாகும்வரை விடாதீர்கள். பளபளக்கும் குரோம் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது, வாழையிலையில் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடும். இரும்பு தெரியும் இடத்துக்கு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, ஒரு நாள் காயவிட்டு எனாமல் மெல்லிதாக இரண்டு பூச்சு.

பூசுவதற்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. சைக்கிள் கவிழ்ந்தே இருக்கட்டும். டயரில் காற்றை இறக்கிவிட்டு, பழைய சீட்டுக்கட்டை எடுத்து, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒவ்வொரு சீட்டாகச் சுற்றிலும் செருகுங்கள். டயரைக் கழற்றவே வேண்டாம், டயரில் பெயிண்டும் படாது. உங்கள் வீட்டுக்காரர் சக்கரத்தை மெல்லச் சுற்றட்டும். நீங்கள் அரை இன்ச் பிரஷ்ஷை ஒரே இடத்தில் அசையாமல் பிடித்திருங்கள். குயவர் சக்கரம் மாதிரிதான், சுற்றுவது அது, கை நிற்பது. சைக்கிள் ஃபிரேமில் தங்கக் கோடு இழுத்தவர்களின் கையும் அப்படித்தான் நின்றது. பிரஷ்ஷில் பெயிண்டு அதிகம் தொடாதீர்கள். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் சிதறினால் முதலில் கெடுவது கட்டியிருக்கிற சேலைதான்.

பரணில் இருக்கும் அந்த டின் எந்த வருடத்தது என்று பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய டின் என்றால், குழந்தை இருக்கிற வீட்டில் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது. முன்பு யாராவது ரிம்மில் பூசிய பழைய பெயிண்டை உரிப்பதாக இருந்தாலும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். தூசி பறக்காது. கடைசியாக ஓர் எச்சரிக்கை. குரோமை முழுசாகக் கரைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது ஆசிட் யோசனை சொல்வார்கள். வேண்டாம். முலாம் போடுவதும் உரிப்பதும் பட்டறையில் நடக்கவேண்டிய வேலை. அதில் புழங்கும் சில குரோமியச் சேர்மங்கள் புற்றுநோய் தரக்கூடியவை.

ரிம்முக்குக் கறுப்பு அடித்தால் கேவலமாக இருக்குமோ என்று தயங்கவேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குரோமியம் ஆயுதத் தொழிலுக்குப் போய்விட்டதால், இங்கிலாந்தில் செய்த சைக்கிள்கள் பலவற்றில் பளபளக்கும் பாகமே இருக்காது. ரிம், ஹேண்டில்பார் எல்லாமே கறுப்பு எனாமல். அந்தக் காலத்துச் சைக்கிள்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறவர்கள் இன்று அந்தக் கறுப்புக்காகவே அலைகிறார்கள்.

இப்போது ஆரஞ்சுக்கு வருவோம்.

உங்கள் மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ரிம் முழுக்க ஆரஞ்சு கிடையாது, வயிற்றுப் பக்கம் மட்டும்தான். கன்னம் வெள்ளியாகவே இருக்கும். அவன் முகம் வாடினால், சக்கரம் சுற்றும்போது வெள்ளிக்கு உள்ளே ஓர் ஆரஞ்சு வளையம் தெரியும், அதுதான் அழகு என்று சொல்லுங்கள். பொய்யில்லை, உண்மையிலேயே அழகுதான். கன்னத்தைப் பார்க்கும் சாக்கில் இன்னொன்றையும் பாருங்கள். கட்டை உரசி உரசி அலாய் தேயும். புது ரிம்மின் கன்னம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து. விரலை ஓட்டும்போது பள்ளமாகக் குழிந்திருந்தால் பெயிண்டு வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். பதினொரு வயதுப் பையன் சைக்கிள் அவ்வளவு தேய்ந்திருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பாருங்கள்.

போக்ஸ் கம்பியைக் கழற்றாதீர்கள். கழற்றுவது எளிது, மறுபடி பின்னிக் கோட்டம் எடுப்பது கைத்தொழில். பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் பவுடர் கோட்டிங் பட்டறைகள் இருக்கின்றன. 180, 200 டிகிரி அடுப்பில் வேகவைத்துத் தருகிற அந்தப் பூச்சு டப்பா பெயிண்டைவிடப் பலமடங்கு உழைக்கும். ஆனால் அதற்குக் கம்பியைப் பிரித்தாகவேண்டும், திரும்பப் பின்னும் கூலியையும் சேர்த்தால் புது ரிம் விலையைத் தாண்டிவிடும். விலை உயர்ந்த சைக்கிளுக்கு அந்தச் செலவு தகும், இதற்கு வேண்டாம்.

அலாய்க்கு ரெட் ஆக்சைடு சரிவராது, சில மாதத்தில் தோல் தோலாக உரியும். வண்டிப் பெயிண்டு விற்கிற கடையில் எட்ச் பிரைமர் என்று கேளுங்கள், அது அலுமினியத்தைக் கொஞ்சம் அரித்துக் கவ்வும். ஜே.சி. ரோடு வரை போகவேண்டியதில்லை, சந்தாபுரத்திலேயே கேட்டுப் பாருங்கள். 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பாத்திர சோப்பில் கழுவி, காயவைத்து, கடைசியாகத் தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். அதன்பிறகு விரலால் தொடக்கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய் போதும், பெயிண்டு அந்த இடத்தில் பிடிக்காமல் போவதற்கு.

கன்னம் இரண்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் வேண்டாம், பசை ரிம்மிலேயே தங்கிவிடும், அதுவும் பிரேக் படும் இடத்தில். டயருக்குச் செய்தித்தாள், நடு அச்சுக்கு பிளாஸ்டிக் பை. கம்பிகளுக்கு இளநீர் குடிக்கிற உறிஞ்சுகுழல்: நீளவாக்கில் பிளந்து ஒவ்வொரு கம்பிக்கும் மாட்டலாம். இந்த வேலையை உங்கள் மகனே செய்யட்டும். பத்துக் கம்பி தாண்டியதும் ஆரஞ்சு மேல் இருக்கிற ஆசை உண்மையா என்று தெரிந்துவிடும். நிப்பிள் மேல் பெயிண்டு படிந்தால் நாளைக்குக் கோட்டம் எடுக்கும்போது சாவி ஏறாது. இயர்பட்ஸில் கொஞ்சம் வாசலின் தொட்டு நிப்பிளில் மட்டும் தடவுங்கள், அங்கே பெயிண்டு ஒட்டாது, பிறகு துடைத்து எடுத்துவிடலாம். ரிம்மில் வழியவிடாதீர்கள்.

எட்ச் பிரைமரை மெல்லிதாக அடித்துக் காயவிட்டபின் ஆரஞ்சு டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள், உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கவேண்டும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் பிடித்து, கையை ஓட்டிக்கொண்டே, பனி படிவது மாதிரி அடியுங்கள். முதல் பூச்சில் அடியில் இருக்கும் பிரைமர் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அதிகம் அடித்துவிட்டீர்கள், வழியும். பத்து நிமிடம் விட்டு அடுத்தது, இப்படி மூன்று நான்கு பூச்சு. அதற்கு முன், பிரைமரும் இந்த டப்பாவும் ஒத்துப்போகிறதா என்று ஒரு பழைய டின் மூடியில் அடித்துப் பார்த்துவிடுங்கள். சில சேர்க்கைகளில் மேல் பூச்சு ஆறிய பால் மேல் ஆடை மாதிரி சுருங்கிவிடும். ரிம்மில் சுருங்கினால் எல்லாவற்றையும் சுரண்டி முதலிலிருந்து வரவேண்டும்.

மொட்டை மாடி நல்ல இடம்தான், மூடிய அறையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கும் தள்ளி இருங்கள். கீழே சாக்கு விரியுங்கள், தரையில் ஆரஞ்சு வட்டத்தைப் பார்த்தால் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கைவைப்பார். முகத்துக்கு மாஸ்க் போடுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக்கூடாது. ஓசூர் ரோட்டுத் தூசி காற்றோடு வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும், அதனால் காற்று கிளம்பாத காலை நேரம் தோது. ஆனால் மிக அதிகாலையும் வேண்டாம். ஈரக் காற்றில் அடித்தால் சிலவகைப் பெயிண்டு வெண்மை பூத்துவிடும். எட்டு மணிக்கு மேல், பதினொன்றுக்குள். சாயங்காலத்தை இந்த ஊரில் நம்பமுடியாது. ஏப்ரல், மே என்றால் மாம்பழ மழை, செப்டம்பர், அக்டோபர் என்றால் கேட்கவே வேண்டாம். டிசம்பர் குளிரில் டப்பா சரியாகப் பீச்சாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், அடுப்பு மேல் காட்டவே கூடாது. மீந்த தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஏரியை மீட்க மிதக்கும் தாவரத் திட்டுகள் விட்ட ஊர் உங்களுடையது. ஊற்றியது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ராத்திரி ஓசூர் ரோடு பக்கம் அவன் சைக்கிளோடு போவான் என்றால், ஆரஞ்சைவிட ரிம்மின் வயிற்றில் ஒட்டுகிற ஒளிதிருப்பும் ஸ்டிக்கர் பட்டை மேல் என்பது என் எண்ணம். வண்டி வெளிச்சம் பட்டால் சக்கரமே வட்டமாக மின்னும். டப்பா வாங்கியாகிவிட்டது, அதனால் இரண்டையும் செய்யுங்கள், பெயிண்டு நன்றாக இறுகியபின் ஸ்டிக்கர்.

டேப்பை எடுத்ததும் பிரேக் படும் இடங்களைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், துணி புதுப் பெயிண்டைத் தொடாமல். உங்கள் சைக்கிளிலும் அப்படியே. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ மெழுகோ பிரேக் படும் பட்டையில் வைத்துவிடாதீர்கள். இரண்டு சைக்கிளின் கட்டைகளையும் உப்புத்தாளில் நான்கு இழுப்பு இழுத்து, முகம் புதிதாக்கி மாட்டுங்கள். உங்கள் குரோம் ரிம்மில் ஒரு குணம் உண்டு. நனைந்தால் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், துரு போய் வழவழப்பானபின் அது இன்னும் தெரியும். மழையில் ஸ்டேஷனுக்குப் போகும்போது வழக்கத்தைவிட முன்கூட்டியே பிடியுங்கள். முதல் ஓட்டம் உங்கள் தெருவுக்குள்ளேயே இருக்கட்டும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரம் வேண்டும். இந்த ஞாயிறு அடித்தால் மகன் அடுத்த ஞாயிறுதான் ஓட்டவேண்டும். நடுவில் காய்ந்துவிட்டதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.